பழைய ஜீப்பில் ஸ்டீரிங் ஆட்டமா? ஸ்பேனரை எடுக்கும் முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் ஏறியவர்களுக்குத் தெரியும், அந்தக் கற்பாதையில் முன்சக்கரங்கள் படும் பாடு. எம்எம் 540 போன்ற பழைய மஹிந்திரா ஜீப்புகளில் முன்பக்கமும் முழு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும்தான். ஒவ்வொரு குத்தும் முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராட், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், ஸ்பிரிங் முனையிலுள்ள ஷேக்கிள் புஷ் எல்லாவற்றிலும் இறங்கும். நாளடைவில் ஸ்டீரிங்கை நாலு விரல்கடை திருப்பினாலும் சக்கரம் அசையாது, கூடவே ‘கடக் கடக்’ என்று ஒரு சத்தம்.

அப்போது பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது ஸ்டீரிங் பாக்ஸ் (ஸ்டீரிங் சுழல்வதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பற்பெட்டி) மேலுள்ள, பற்களின் இடைவெளியைக் குறைக்கும் ஸ்க்ரூவில். தயவுசெய்து அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள் சக்கரம் நேராக நிற்கும்போது இறுக்கமாகவும், திருப்பும்போது சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன. சக்கரம் திரும்பி நிற்கும்போது ஸ்க்ரூவை முறுக்கினால், நேராக வரும்போது பிடித்துக்கொள்ளும். வளைவு முடிந்த பிறகு ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. மலைப்பாதையில் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

என் ஜீப்புக்கு ஒரு பட்டறையில் பாக்ஸையே மாற்றினார்கள். ஆட்டம் அப்படியே இருந்தது. பிறகு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மகனை ஸ்டீரிங்கில் உட்கார வைத்து, “கொஞ்சம் கொஞ்சமா இடம் வலம் ஆட்டுடா” என்று சொல்லிவிட்டு அடியில் படுத்தேன். பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துருத்தூள். விரலை வைத்தால், பாக்ஸே ஒரு நூல் அளவு நகர்கிறது. போல்ட் துளையிலிருந்து ஒரு விரிசலும் ஓடியிருந்தது. புது பாக்ஸ் என்ன செய்யும்?

இந்தச் சோதனைக்கு வண்டி தரையில், தன் பாரத்திலேயே நிற்க வேண்டும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் டை ராட் எண்ட் (டை ராடின் முனை மூட்டு) ஆட்டம் சில சமயம் மறைந்துவிடும். பாக்ஸில் தொடங்கி, அதிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்க், டை ராட் என்று ஒவ்வொரு மூட்டையும் கையால் பிடித்துக்கொண்டே போங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த மூட்டு தேய்ந்திருக்கிறது. கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும்.

அப்புறம்தான் ஜாக்கி. ஸ்டாண்ட் வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே வீல் பேரிங் என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின்.

சத்தத்துக்கு வருவோம். சின்னக் குழிகளில் மட்டும் ‘கட கட’ என்றால் முதலில் ஷேக்கிள் புஷ்ஷையும், ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு கட்டும் யு போல்ட்டையும் பாருங்கள். ஃபோர் வீல் போட்டு ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது ‘டிக் டிக்’ என்றால் முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்பும் இடத்திலுள்ள கிராஸ் மூட்டு மீது சந்தேகப்படலாம். ஆனால் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீல் போட்டு இதைச் சோதிக்கக் கூடாது. திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை என்பதால், நல்ல வண்டியிலும் ஸ்டீரிங் கனக்கும், முறுக்கேறிச் சத்தம் வரும். மண்தரையில் பாருங்கள்.

குறிப்பிட்ட வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் வெடவெடவென்று உதறினால், ஸ்டீரிங் டேம்பர் வாங்கி மாட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். உதறல் கொஞ்ச நாள் அடங்கும், தேய்ந்த கிங் பின் உள்ளே தேய்ந்துகொண்டேதான் இருக்கும். வீல் பேலன்ஸிங், டயர் காற்று இரண்டையும் முதலில் சரிபார்ப்பது அதிகச் செலவில்லாத வேலை.

டை ராட் எண்ட் மாற்றினால் நட் கழலாமல் தடுக்கும் பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். நட்டை உரிய அளவு இறுக்கிய பிறகு துளை நேராக வரவில்லை என்றால், நட்டைத் தளர்த்தாமல், அதன் அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும்வரை இன்னும் இறுக்கிப் பின்னைப் போடுங்கள். பிறகு அலைன்மென்ட் பாருங்கள். சில நாள் ஓட்டியதும் மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ ஸ்டீரிங்கில் உட்கார வைத்து, இன்னொரு முறை அடியில் படுத்துப் பாருங்கள்.