ரெட்ரோ போர்டு செய்பவர்கள் நன்றி சொல்வதில் செய்யும் தவறுகள்

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற பழைய வீட்டுக் கணினி என்றதும் எல்லோர் வாயிலும் வருவது அதை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர் கிளைவ் சின்க்ளேர் பெயர்தான். 1982-இல் வந்த அந்தக் கணினியின் ஹார்டுவேரை வடிவமைத்தது ரிச்சர்ட் ஆல்ட்வாசர், ரோமில் (அழியாத நினைவகச் சிப்பில்) இருக்கும் பேசிக் மொழியில் பெரும்பகுதியை எழுதியது ஸ்டீவ் விக்கர்ஸ், ரப்பர் சாவிகள் வைத்த அந்தக் கறுப்புப் பெட்டியை வடிவமைத்தது ரிக் டிக்கின்சன். இந்தப் பெயர்களைத் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதே கணினிக்கு இன்று வீட்டில் உட்கார்ந்து மெமரி கார்டு, ஜாய்ஸ்டிக் போர்டு என்று செய்யும் நாமும் பல நேரம் உழைத்தவர்களின் பெயரை அப்படியே விட்டுவிடுகிறோம்.

முதல் தவறு, "உதவிய அனைவருக்கும் நன்றி". இதில் யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. கேல் சிப்பின் (நாமே லாஜிக்கை எழுதி ஏற்றும் சிப்) சமன்பாடுகளை எழுதியது யார், கனெக்டரின் துளைகள் தள்ளி இருப்பதைப் பிடித்தது யார் என்று பெயரும் வேலையும் சேர்த்து எழுதுங்கள். நாலு வருடம் கழித்து அந்த போர்டைப் பழுது பார்ப்பவருக்கும் அதுதான் பயன்படும்.

என்னைக் கேட்டால் அதிகம் விடுபடுவது டெஸ்ட் செய்தவர்கள்தான். சர்க்யூட் வரையவில்லையே, பெயர் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஸ்பெக்ட்ரமில் 48கே மாடலுக்குச் செய்த கார்டு பின்னால் வந்த பிளஸ் 3 மாடலில் வேலை செய்யாமல் போகலாம், பின்பக்க கனெக்டரில் ரோமை அணைக்கும் சிக்னல் அங்கே வேறு மாதிரி இருக்கிறது; அந்த மெஷின் உங்களிடம் இல்லாதபோது, தன்னுடைய நாற்பது வருடப் பழைய பெட்டியில் உங்கள் முதல் போர்டைச் செருகிப் பார்க்கத் துணிந்தவர் செய்தது சின்ன உதவியா?

அடுத்தது, பழைய சர்க்யூட்டை கிகேட் என்ற போர்டு வரையும் சாஃப்ட்வேரில் புதிதாக வரைந்துவிட்டு "எல்லாக் கோடும் நான் போட்டது" என்று முந்தையவர் பெயரை எடுத்துவிடுவது. கோடு உங்களுடையது, சர்க்யூட் அவருடையது, இரண்டையும் எழுதினால் போயிற்று. இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நீங்கள் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை மாற்றியிருப்பீர்கள், போர்டில் அவர் பெயர் மட்டும் அப்படியே இருக்கும், சூடாகிறது என்று புகார் அவருக்குப் போகும். ஹார்டுவேர் டிசைன்களைத் திறந்து பகிர்வதற்கான செர்ன் ஓப்பன் ஹார்டுவேர் லைசென்ஸில் வந்த டிசைன் என்றால், மாற்றியதைக் குறிப்பிடுவது மரியாதைக்காக மட்டும் இல்லை, நிபந்தனையே அது. அப்புறம், ஒருவரை அவருடைய சொந்தப் பெயரில் போடுவதா புனைபெயரில் போடுவதா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். சிலருக்குப் பெயரே வரக்கூடாது, அதுவும் சரி.

ரோம் விஷயம் தனி. நன்றி சொன்னால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. ஸ்பெக்ட்ரம் ரோம்களை எமுலேட்டர்களோடு (பழைய கணினியைப் போல நடந்துகொள்ளும் சாஃப்ட்வேர்) கொடுக்க, ஸ்பெக்ட்ரமை வாங்கிய ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் அனுமதித்தது, பதிப்புரிமை வாசகத்தை மாற்றக்கூடாது என்று சொல்லித்தான். அதே ரோமைச் சிப்பில் பதிந்து, கிட்டோடு சேர்த்து விற்பது வேறு கேள்வி.

எங்கே எழுதுவது? இணையப் பக்கம் போய்விடும், போர்டு இருக்கும். 1985-இல் வந்த அமிகா 1000 கணினியின் மூடிக்கு உள்பக்கம் அதைச் செய்தவர்களின் கையெழுத்துகள் இருக்கின்றன, அதன் முக்கிய வடிவமைப்பாளர் ஜே மைனருடைய நாயின் கால் தடம் உட்பட! உங்கள் போர்டின் அடிப்பக்கத்தில் பெரும்பாலும் இடம் காலியாகத்தான் கிடக்கும். எழுத்து உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சில்க்ஸ்கிரீனில் (போர்டின் மேல் அச்சடிக்கும் எழுத்தில்) கசங்கிப்போக வாய்ப்பு உண்டு, அதனால் அங்கே பெயர்களும் ரிவிஷன் எண்ணும் போதும், விவரத்தை சர்க்யூட் படத்தின் ஓரக் கட்டத்திலும் ஃபேக்டரிக்கு அனுப்பும் கெர்பர் ஜிப்புக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலும் வையுங்கள். ரிவிஷன் மாறும்போது அந்த ஃபைலையும் மாற்ற வேண்டும். ஒருவர் தந்த பகுதி புது ரிவிஷனில் இல்லை என்றால் பெயரை அழிக்காமல் எந்த ரிவிஷன் வரை என்று எழுதுங்கள்.

பல ஃபேக்டரிகளில் குறைந்தபட்ச ஆர்டரே ஐந்து போர்டு, எப்படியும் மிச்சம் இருக்கும். ஒன்றை டெஸ்ட் செய்தவருக்கு அனுப்புங்கள், போர்டு கொடுத்தாயிற்றே என்று பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.