பாதப் பராமரிப்பு மாணவர்கள் இயற்பியலில் சறுக்கும் இடங்கள்

எடை பார்க்கும் மெஷினில் ஏறி நில்லுங்கள். 60 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கி, அதன்மேல் ஒரு ஸ்பாஞ்சைப் போட்டு மறுபடி ஏறுங்கள். அதே 60தான். பாதத்துக்குச் சுகமாக இருக்கிறது. எடை மட்டும் துளியும் குறையவில்லை. "மெத்தென்ற செருப்பு போட்டால் காலில் விழும் பாரம் குறையும்" என்று நோயாளியிடம் சொல்லும் மாணவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும். நிற்கும்போது மெத்தை குறைப்பது விசையை அல்ல, அழுத்தத்தை. அதே பாரம் கூடுதல் பரப்பில் பரவுகிறது, அவ்வளவுதான்.

கணக்கிலும் இங்கேதான் முதல் தவறு. 60 கிலோ என்பது நிறை. அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8ஆல் பெருக்கினால்தான் எடை வரும்: 588 நியூட்டன். பெருக்க மறந்தால் விடை ஏறக்குறைய பத்து மடங்கு தப்பிவிடும்.

இரண்டு காலில் நிற்கும்போது ஒரு பாதத்துக்கு 294 நியூட்டன். தரையில் படும் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால், சதுர செ.மீட்டருக்குச் சுமார் 2.9 நியூட்டன். சரி, இப்போது அந்த 60 கிலோ நபர் நடக்கட்டும். பின்கால் தரையைத் தள்ளும் நேரத்தில் குதிகால் எழும்பிவிடுகிறது, மற்றக் கால் காற்றில் இருக்கிறது. முழு 588 நியூட்டனும் 40 சதுர செ.மீ. முன்பாதத்தில் இறங்கினால், 14.7. அதாவது ஐந்து மடங்கு. இதுவும் சராசரிதான், எலும்பு துருத்திய இடத்தில் இன்னும் கூடும். நோயாளியை நிற்கவைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவது ஏன் போதாது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

நெம்புகோல் கணக்கில் தவறாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒற்றைக் காலில் எம்பி நிற்பவரின் குதிகால் நாண் (கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நார்) எவ்வளவு இழுக்கிறது? "உடல் எடையளவு" என்பார்கள். முன்பாதத்திலிருந்து கணுக்கால் மூட்டு வரை 12 செ.மீ., மூட்டிலிருந்து நாண் வரை 5 செ.மீ. என்று கொள்ளுங்கள். 588 × 12 ÷ 5 = சுமார் 1,411 நியூட்டன். எடையைப்போல் 2.4 மடங்கு! அதோடு நிறுத்துவது அடுத்த தவறு. தரை மேலே தள்ளுகிறது, நாணும் மேலே இழுக்கிறது. இரண்டையும் சேர்த்து மூட்டுதான் தாங்க வேண்டும். ஏறக்குறைய 2,000 நியூட்டன். நாண் வலியோடு வருபவரிடம் "எடை தூக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னால், அவர் தினமும் ஏறும் மாடிப்படியை விட்டுவிடுகிறோம்.

அப்புறம் வளைய வடிவப் பேட். காய்ப்பைச் சுற்றி ஓட்டை போட்ட பேடை ஒட்டிவிட்டால் அங்கே அழுத்தம் போய்விடும் என்ற நம்பிக்கை. போகும் பாரம் எங்கே போகும்? ஓட்டையின் விளிம்புக்கு. உணர்ச்சி மரத்த சர்க்கரை நோய்ப் பாதத்தில் அந்த விளிம்பே புதுப் புண்ணை உண்டாக்கலாம். முன்பாத வலிக்கு வைக்கும் மேட்டுப் பேடையும் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைக்கிறார்கள். அது விரலுக்குப் பின்னாலுள்ள நீள எலும்பின் முனைக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கம் இருக்க வேண்டும். பாரத்தை அந்த எலும்பின் தண்டு வாங்கிக்கொள்ளும்.

செங்குத்து அழுத்தத்தை மட்டும் பார்த்து, பக்கவாட்டு இழுவையை மறப்பதும் உண்டு. தொளதொள செருப்பில் தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடுகின்றன. 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்குக் காரணம் சதை தானாக அழுகுவதல்ல, வலி தெரியாததால் மீண்டும் மீண்டும் விழும் சிறு சிறு அடிகள்தான் என்று காட்டினார். 5,000 எட்டு நடந்தால் ஒவ்வொரு காலிலும் 2,500 முறை அடி விழும். ஒரே பெரிய காயத்தைத் தேடிக்கொண்டிருந்தால் காரணம் அகப்படாது.

இன்று சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கும் எம்.சி.ஆர். (நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்புக்குப் பின்னாலும் இதே சிந்தனைதான். ஆனால் அந்த ரப்பரும் நாளாக நாளாக அமுங்கிப்போகும். நோயாளி வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கையில் வாங்குங்கள். உள்தட்டைக் கட்டைவிரலால் இடம் இடமாக அழுத்துங்கள். பள்ளமாகி எழும்பாத இடம் தட்டுப்பட்டால், பாதத்தில் அதற்கு நேரான இடத்தை முதலில் பாருங்கள்.