பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும் முறை

புதிதாகப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கை நடுங்குவது குளிப்பாட்டும்போதுதான். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் ஆச்சிமார் காலில் போட்டுக் குளிப்பாட்டுவார்கள். தலை நிற்காத பிள்ளைக்கு நான் கண்டவரை இதுவே வசதி. நானும் ஓர் ஆச்சிதான். பக்குவத்தைச் சொல்கிறேன்.

தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். ஒன்றிரண்டு வாரத்தில் அது தானாக விழுந்துவிடும். அதன்மேல் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதுவும் படக்கூடாது, காய்ந்தே இருக்கட்டும். இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளை என்றால், டாக்டர் சொன்ன பிறகு தண்ணீர் ஊற்றுங்கள்.

வெயில் ஏறிய பிறகு, பத்து பதினோரு மணிக்குக் குளிப்பாட்டுங்கள். பால் குடித்த கையோடு வேண்டாம், கக்கிவிடும். துண்டு, மாற்றுத் துணி, சோப்பு எல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் எழுந்து போக முடியாது.

தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, காலிலிருந்து மேலாகத் தடவுங்கள். அமுக்க வேண்டாம். உச்சிக்குழியில் விரல் பூப்போலப் பட்டால் போதும். எண்ணெய் தேய்க்கிற நேரம்தான் பிள்ளையின் உடம்பை நன்றாகப் பார்க்கிற நேரம். பிறந்த முதல் வாரங்களில் வெளிச்சத்தில் வைத்துத் தோலை லேசாக அழுத்தி எடுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தால் அன்றைக்கே போயாக வேண்டும்.

வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அப்புறம் வெந்நீர் விட்டு விளாவுங்கள். முழங்கை மடிப்பில் ஊற்றிப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. பிள்ளை காலில் கிடக்கும்போது வெந்நீர் சேர்க்கவே கூடாது.

மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் சேர்த்து நீட்டுங்கள். பிள்ளையின் தலை உங்கள் கணுக்கால் பக்கம், அதன் கால் உங்கள் வயிற்றுப் பக்கம். முகம் உங்களைப் பார்த்து இருப்பதால் பேசிக்கொண்டே ஊற்றலாம். முதலில் உடம்புக்கு, தலைக்குக் கடைசியில், நெற்றியில் கையை அணை கொடுத்து ஊற்றுங்கள். குப்புறப் போட்டால் நாடியை இடது கையில் தாங்கி, மூக்கும் வாயும் மேலே இருக்கிற மாதிரி பிடியுங்கள். கழுத்து மடிப்பு, காதுக்குப் பின்னால், அக்குள், தொடை இடுக்கு இங்கெல்லாம் பாலும் வேர்வையும் தங்கிப் புண்ணாகும். விரலால் விரித்துக் கழுவுங்கள். பெண் பிள்ளைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும். ஆண் பிள்ளைக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டாம். ஐந்து பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

ஆச்சிமார் செய்கிற எல்லாவற்றையும் செய்யச் சொல்லமாட்டேன். மூக்கில் ஊதுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது மூன்றும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பிறந்த பிள்ளையின் மார்பு வீங்கியிருப்பது தாயின் ஹார்மோனால். அது தானாக வற்றும். பிதுக்கினால் சீழ் கட்டும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றினாலே தலை காய்ந்துவிடும். பவுடரை மூச்சில் இழுத்துக்கொள்ளும், அதையும் விடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கும். "அத்தை, எண்ணெயும் நீங்களே தேய்ங்க, காலிலயும் நீங்களே போட்டுக்கோங்க. மூக்கை மட்டும் விட்டுருங்க" என்று சொல்லுங்கள். வேலையைப் பிடுங்காமல் சொன்னால் பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள்.

தடுப்பூசி போட்ட அன்று குளிப்பாட்டலாம். ஊசி போட்ட இடத்தில் மட்டும் தேய்க்கவோ சூடான ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். இடது கையில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகும். அது அப்படித்தான், மருந்து தடவாதீர்கள், கிள்ளாதீர்கள்.

தானாக உட்காரத் தொடங்கிய பிள்ளை காலில் நிற்காது, துள்ளும். அப்போது வழுக்காத தரையில் உட்கார வைத்து ஊற்றுங்கள். தவழுகிற பிள்ளைக்கு வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் ஆபத்துதான். தலைகுப்புற விழுந்தால் எழத் தெரியாது. போன் அடித்தாலும் பிள்ளையை விட்டு நகராதீர்கள். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து, குளியலறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.