உங்கள் வீடியோவுக்கு நீங்களே பின்னணி இசை போடுவது எப்படி?

வீடியோவை எடிட் செய்து முடித்துவிட்டு, இலவச இசை தேடி அரை நாளைத் தொலைப்பவர்களுக்காக இது. தேடிக் கிடைக்கிற இசை நம் ஷாட்டுகளைப் பார்த்துப் போட்டதல்ல. முக்கியமான காட்சி வரும்போது அது பாட்டுக்கு எங்கோ போய்க்கொண்டிருக்கும். ஒன்றரை நிமிட வீடியோவுக்கு நாமே இசை போட முறையான சங்கீதப் பயிற்சி தேவையில்லை. கொஞ்சம் கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இசையமைக்க ஒரு மென்பொருள் வேண்டும். ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். மற்றவர்கள் பேண்ட்லேப் எடுத்துக்கொள்ளலாம், போனிலும் பிரவுசரிலும் ஓடும். கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு என் ஓட்டு ரீப்பருக்குத்தான். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்; வீடியோவை அதற்குள்ளேயே ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வாசிக்கலாம். அப்புறம் ஒரு ஹெட்போன். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை நெய்யும் நெசவாளர் ஒருவரைப் பற்றிய 90 விநாடி வீடியோ என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எடிட்டிங் முழுக்க முடிந்த பிறகே இசையைத் தொடுங்கள். பாதியில் ஆரம்பித்தால், ஒரு ஷாட்டை வெட்டியதும் போட்டதெல்லாம் வீண். வீடியோவை இரண்டு மூன்று முறை பார்த்து, எது எந்த விநாடியில் வருகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

0: ராட்டையில் நூல் சுற்றுகிறார்கள்
12: தறி ஓடத் தொடங்குகிறது
36: நெசவாளர் பேசுகிறார்
60: பேச்சு முடிகிறது
64: சேலை விரிகிறது
90: முடிவு

இசை எதையாவது சொல்ல வேண்டிய இடம் இதில் ஒன்றுதான்: சேலை விரிவது. மற்ற இடங்களில் அது அடக்கமாக இருந்தால் போதும். ஷாட் மாறும்போதெல்லாம் ஒரு ‘டம்’ போடத் தொடங்கினால் சீரியல் ஆகிவிடும்.

படி 2: வேகத்தைப் படத்திலிருந்தே எடுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மென்பொருள் காட்டுகிற 120 பிபிஎம்-ஐ (நிமிடத்துக்கு இத்தனை அடி என்ற வேகக் கணக்கு) அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். வேண்டாம். இந்த வீடியோவில் தறிக்கே ஒரு நடை இருக்கிறது. நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடி, பலகை வந்து அடிக்கும் சத்தத்தை 15 விநாடிக்கு எண்ணுங்கள். 20 அடி வந்தால், நான்கால் பெருக்கி 80 பிபிஎம். நடக்கிற கால், கத்தி காய் நறுக்குவது, பேருந்து வைப்பர் என்று ஏதாவது ஒரு அசைவு எல்லா வீடியோவிலும் கிடைக்கும்.

80 பிபிஎம் என்றால் ஒரு அடிக்கு 0.75 விநாடி, நான்கு அடி கொண்ட ஒரு ஆவர்த்தத்துக்கு 3 விநாடி. இப்போது தாளைப் பாருங்கள். 12-ஆம் விநாடியில் நான்கு ஆவர்த்தம் முடிகிறது, 36-இல் பன்னிரண்டு, 60-இல் இருபது, 90-இல் முப்பது. சேலை மட்டும் இடிக்கிறது: 64 மூன்றால் வகுபடாது.

இதற்கு இரண்டு வழி. எடிட்டர் நீங்களே என்றால், அதற்கு முந்தைய ஷாட்டில் ஒரு விநாடியைக் குறைத்து, விரியும் ஷாட்டில் அதைக் கூட்டுங்கள். சேலை 63-இல் விரியும், இருபத்தோராவது ஆவர்த்தம் முடியும் இடத்தில். படத்தைத் தொடக் கூடாது என்றால் வேகத்தை மாற்ற வேண்டும். 21 ஆவர்த்தத்துக்கு 84 அடி; 84 × 60 ÷ 64 = 78.75 பிபிஎம். ஆனால் இதில் மற்ற இடங்கள் எல்லாம் சற்றே நகர்ந்துவிடும், தறிச் சத்தமும் இசையும் போகப் போக விலகும். நான் முதல் வழியைத்தான் சொல்வேன். எப்படியும் மனிதர் ஓட்டும் தறி, சீராக அடி தட்டும் மெட்ரோனோம் கருவி மாதிரி ஓடாது. அடிக்கு அடி பொருத்த முயல வேண்டாம், தறி தொடங்கும் இடம் சரியாக விழுந்தால் காது மற்றதை மன்னித்துவிடும்.

படி 3: கறுப்புக் கட்டைகளில் மெட்டு

கீபோர்டின் (திரையில் வருகிற கீபோர்டும் சரிதான்) கறுப்புக் கட்டைகளை மட்டும் தொடுங்கள். ஐந்தே ஸ்வரம், எதை அழுத்தினாலும் பெரிதாக அபஸ்வரம் வராது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் முதலாவதை, அதாவது நாலரைக் கட்டையை (F#), ஸட்ஜமாக, அதாவது அடிப்படை ஸ்வரமான ‘ஸ’-வாக வைத்தால் மோகன ராகத்தின் ஸ்வரங்கள். அதே கூட்டத்தில் நடுவில் உள்ள ஐந்தரைக் கட்டை என்றால் மத்யமாவதி. மூன்றாவது, ஆறரைக் கட்டை, ஹிந்தோளம். விரல் தொடுவது அதே ஐந்து கட்டைகள். கீழே விடாமல் ஒலிக்கிற ஆதார ஒலியான சுருதி மாறியதும் முகமே மாறிவிடுகிறது. ஆகவே முதலில் சுருதியை ஒரு ட்ராக்கில் நீளமாகப் போடுங்கள். மோகனத்துக்கும் மத்யமாவதிக்கும் ஸ-ப. ஹிந்தோளத்தில் பஞ்சமம் (ப) கிடையாது, அங்கே ஸ-ம.

கமகம் (ஸ்வரத்தை அசைத்து, வளைத்து இசைப்பது) இல்லாமல் ஸ்வரத்தை மட்டும் தட்டினால் அது ராகம் ஆகிவிடாது என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். சரிதான். நமக்கு வேண்டியது நாலு ஸ்வரத்தில் ஒரு சின்ன மெட்டு. மோகனத்தில் ‘ஸ ரி க ப’ என்று ஏறி, திரும்ப ‘க’-வுக்கு இறங்கி நின்றுவிடுங்கள். ஸட்ஜத்துக்குத் திரும்பாததால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று தோன்றும். தறிக் காட்சி முழுக்க இப்படியே முடிக்காமல் விட்டு வாருங்கள். சேலை விரியும்போது முதன்முறையாக மேல் ஸட்ஜத்தைத் தொடுங்கள். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் நிமிர்ந்து பார்ப்பார்.

படி 4: மூன்று கருவிக்கு மேல் வேண்டாம்

சுருதி, மெட்டுக்குப் புல்லாங்குழல் அல்லது பியானோ, தாளத்துக்கு ஏதாவது ஒன்று. தாளத்துக்குத் தனியாகத் தேட வேண்டாம். தறி அடிக்கும் சத்தத்தில் சுத்தமான ஒரே ஒரு அடியை வெட்டி எடுத்து, ஆவர்த்தத்தின் முதல் அடியில் மட்டும் வையுங்கள். 12-ஆம் விநாடிக்கு முன் தாளம் வேண்டாம், சுருதி மட்டும் போதும்.

ரெடிமேட் லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும்படி தயாராகக் கிடைக்கும் இசைத் துணுக்குகளை) தவிர்ப்பது நல்லது. அதே லூப்பை வேறொருவரும் பயன்படுத்தியிருப்பார்; யூடியூபில் உங்கள் மீது உரிமைக் கோரிக்கை வரக்கூடும். ப்ராஜெக்ட் ஃபைலை அழிக்காதீர்கள், உங்கள் இசை என்று காட்ட அது உதவும்.

படி 5: பேச்சு வரும்போது ஒதுங்குங்கள்

36 முதல் 60 வரை சத்தத்தைக் குறைத்தால் மட்டும் போதாது. பியானோவும் குழலும் மனிதக் குரல் இருக்கும் உயரத்திலேயே ஒலிப்பதால், மெதுவாக வைத்தாலும் பேச்சோடு மோதும். மெட்டை முழுக்க எடுத்துவிட்டு, சுருதியை ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே இறக்குங்கள். பேச்சு முடிந்ததும் ஒரு ஆவர்த்தம், அதாவது 60 முதல் 63 வரை, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அந்த மூன்று விநாடி வெறுமையைத் தாண்டி வருகிற மேல் ஸட்ஜத்துக்குத் தனி எடை இருக்கும்.

படி 6: வெளியே எடுப்பது

வீடியோவுக்கு 48,000 ஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக எடுங்கள்; எம்பி3 வேண்டாம். உச்ச அளவு மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமாகக் கேட்க வேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை, அளவு கூடினால் யூடியூபே குறைத்துவிடும்.

கடைசியாக, ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை போட்டுக் கேளுங்கள். பார்ப்பவர்களில் பலர் அதில்தான் கேட்கப்போகிறார்கள். பேச்சின்போது இறக்கி வைத்த சுருதி அதில் காணாமல் போயிருந்தால், அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே மிக மெல்லியதாகச் சேர்த்து, மறுபடியும் ஃபைலை எடுங்கள்.