உப்புக் காற்று ஊரில் பழைய கணினியை மீட்பது எப்படி?

இராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கடற்கரை ஊர்களில் பழைய கணினி ஒன்று கைக்குக் கிடைத்தால், கொண்டுவந்த அன்றே மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்கிக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் இருப்பவர் தூசியைத் தட்டிவிட்டு இயக்கிப் பார்க்கலாம். நமக்கு அது சரிப்படாது. பரணில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கிடந்த பெட்டிக்குள் உப்பு படிந்திருக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். அந்த நிலையில் மின்சாரம் பாய்ந்தால், ஆண்டுக்கணக்கில் மெல்ல நடந்துவந்த அரிப்பு சில மணி நேரத்திற்குள் மின்சுற்றுப் பலகையின் ஒரு செம்புத் தடத்தையே தின்று முடித்துவிடும். இவ்வூர்க் காற்றின் கடுமையில் ஐயம் உள்ளவர்கள், காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்று மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்ததை எண்ணிப் பார்க்கலாம்.

என்னிடம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் 486 கணினி (486 வகை பிராசசர் கொண்ட, 1990களின் கணினி), மூடப்பட்ட ஒரு டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) மையத்திலிருந்து காயலான் கடைக்கு எடைக்கு வந்தது. கேபினெட்டின் ஆறு திருகாணிகளில் இரண்டின் தலை, ஸ்க்ரூ டிரைவரை வைத்த உடனேயே துருப்பொடியாக உதிர்ந்தது. உள்ளே மின்விசிறிக்குக் கீழே பல்லி முட்டை ஓடுகள்; கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளின் வாயில் கோலமாவு தூவியதுபோல் ஒரு வெண்மை; மதர்போர்டு என்ற முதன்மை மின்சுற்றுப் பலகையின் ஒரு மூலையில் மட்டும் பச்சையும் நீலமும் கலந்த களிம்பு.

அந்த வெண்மையும் இந்தக் களிம்பும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்வதுதான் வேலையின் தொடக்கம். உப்பு, காற்று நுழைந்த இடங்களிலெல்லாம், அதாவது விசிறி, ஸ்லாட், திருகாணிகள் ஆகியவற்றைச் சுற்றிப் பரவலாக இருக்கும். ஒரே மூலையிலிருந்து கிளம்பி விரியும் களிம்பு பெரும்பாலும் மின்கலத்தின் கசிவாகும். 386, 486 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் மின்கலம் ஒன்று பீப்பாய் வடிவில் பற்றவைக்கப்பட்டிருக்கும். வயதானதும் அதிலிருந்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து செம்புத் தடங்களை அரிக்கும். இது காரம் என்பதால் அமிலத்தால்தான் அடங்கும். முதலில் மின்கலத்தை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் களிம்பை நுரை அடங்கும் வரை ஒற்றி எடுக்க வேண்டும். குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தில் இங்கும் புளியைக் கொண்டுவர வேண்டாம்; அதன் சக்கையும் பிசுக்கும் பின்களுக்கிடையே தங்கிவிடும். உப்பு படிந்த இடத்திற்கோ வினிகர் தேவையே இல்லை, தண்ணீர் போதும்.

தண்ணீர் என்றதும் பலர் பதறுவார்கள். மின்னணுப் பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் மட்டுமே துடைக்க வேண்டும் என்று எல்லா வழிகாட்டிகளிலும் எழுதியிருப்பதைப் படித்திருப்பார்கள். அது கடலோரம் அல்லாத ஊர்க்காரர்களுக்குச் சரி. எண்ணெய்ப் பிசுக்கையும் பற்றவைப்பில் எஞ்சும் ஃப்ளக்ஸ் பசையையும் ஆல்கஹால் கரைக்கும், ஆனால் சாப்பாட்டு உப்பு அதில் ஏறக்குறைய கரைவதே இல்லை. ஆல்கஹாலை மட்டும் ஊற்றித் தேய்த்தால் உப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு நகர்ந்து, சிப்புகளின் கால்களுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் மீட்க முயன்ற முதல் பலகையை இப்படித்தான் பாழாக்கினேன்; பளபளவென்று இருந்த பலகை அடுத்த ஐப்பசி மழைக்குள் மீண்டும் வெளுத்துச் செத்துப்போனது. ஆகவே தண்ணீர் முதலில், ஆல்கஹால் பிறகு.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். நம் பகுதி ஆழ்குழாய் நீரே உப்பு நீர் என்பதால் அதில் கழுவுவது கடலில் முக்கி எடுப்பதற்குச் சற்றே மேல், அவ்வளவுதான். முதல் இரண்டு அலசலுக்குக் கேன் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கடைசி அலசல் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்தான் நடக்க வேண்டும். கழுவுவதற்கு முன் பிராசசர், நினைவகம், கார்டுகள் அனைத்தையும் கழற்றி எடுத்துவிட வேண்டும். ஹார்டு டிஸ்க், ஃப்ளாப்பி டிரைவ், ஸ்பீக்கர், எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டி) ஆகியவற்றில் நீர் படக் கூடாது. கணினியைத் தொடக்கும் நிரலைக் கொண்ட பயாஸ் சிப்பின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை அழகுக்காக உரித்துவிட வேண்டாம்; அது புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய ஈப்ராம் வகையாக இருந்தால் ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சாளரம் இருக்கும், அதன் வழியே நம்மூர் வெயில் நாள்பட விழுந்தால் உள்ளிருக்கும் நிரல் அழிந்துவிடும். மென்மையான பெயின்ட் பிரஷால் ஸ்லாட்டுகளின் நீளவாக்கில் தேய்த்து அலசி, சாய்த்து வடியவிட்டு, அதன்பின் ஆல்கஹாலை ஊற்றினால் அது இடுக்குகளில் எஞ்சிய நீரைக் கரைத்துக்கொண்டு வெளியேறும்.

உலர்த்துவதற்கு மொட்டை மாடியைவிடக் கடலைப் பார்க்காத உள்ளறையே நல்லது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் வெளியே வைத்த பலகை, கழுவிய உப்பைவிட அதிக உப்போடும் மணலோடும் திரும்பி வரும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்ட மர அலமாரியில், பல்பிலிருந்து இரண்டடி தள்ளி, இரண்டு நாள் வைத்திருந்தால் போதும். மழைக்காலத்தைத் தவிர்த்து, தை முதல் பங்குனி வரை இந்த வேலையை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

உலர்ந்த பலகையை உருப்பெருக்கியால் பார்த்து, கறுத்துப்போன தடங்களை மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். அறுந்த தடத்திற்கு மெல்லிய எனாமல் கம்பியைப் பற்றவைத்துப் பாலம் போடலாம். வெட்டி எடுத்த மின்கலத்தின் இடத்தில் சிஆர்2032 நாணய மின்கலத்தை அப்படியே பொருத்தக் கூடாது. பழைய மின்சுற்று அதற்கு மின்னேற்றம் செய்ய முயலும்; அது மின்னேற்றத்திற்கு ஆனதல்ல. நடுவில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்று இருந்தாக வேண்டும். மூன்று பென்டார்ச் செல்களை டையோடு வழியாக இணைத்து, அந்தப் பெட்டியை மதர்போர்டிலிருந்து விலக்கிக் கேபினெட்டின் ஓரத்தில் ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. நாளை அவை கசிந்தாலும் பலகை தப்பிக்கும்.

எஸ்எம்பிஎஸ் தனியே கவனிக்க வேண்டிய பொருள். 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் அதன் முதன்மைக் கெபாசிட்டர்களில் 320 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் ஏறும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். மின்வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம். பழைய மானிட்டரையோ யாருமே விளையாட்டாகத் திறக்க வேண்டாம். வண்ணப் படக்குழாயில் இருப்பது 20,000 வோல்ட்டைத் தாண்டும். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, எலெக்ட்ரீஷியன்கள் செய்வதுபோல் 100 வாட் குண்டு பல்பை மின்சாரம் அதன் வழியே செல்லும்படி சீரிஸில் போட்டுக் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நலம். முழு வெளிச்சத்துடன் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். அக்காலக் கணினிகளின் ஏடி வகை எஸ்எம்பிஎஸ் பல, சுமை இல்லாமல் எழும்பாது என்பதால், 5 வோல்ட் தடத்தில் ஒரு கார் பல்பை மாட்டி வைத்துவிட்டு அளக்க வேண்டும். சிவப்புக் கம்பியில் 5, மஞ்சளில் 12 வோல்ட் சரியாக வந்த பிறகே மதர்போர்டில் இணைக்கலாம். இணைக்கும்போது இரு செருகிகளின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் இதுவரை பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் புகையாகும்.

கெபாசிட்டர்களில் மேல் தலை உப்பியவற்றையும் அடியில் கசிந்தவற்றையும் மாற்ற வேண்டும். புதியது அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்ட்டில் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கும் வகையாக இருக்கட்டும். இராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்கும்.

கணினி எழும்பிய பிறகுதான் மேம்படுத்தல். ஆனால் அதற்கும் முன்னால், பழைய ஹார்டு டிஸ்க் சுழலும் நிலையில் இருந்தால், உள்ளிருப்பதை முழுமையாகப் படியெடுத்துவிட வேண்டும். டிடிபி மையங்களிலிருந்து வந்த கணினிகளில் இது இரட்டிப்பு முக்கியம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டிற்குப் பிறகு டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளைத் தமிழக அரசு தரப்படுத்தியது; அதற்கு முன் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியீட்டை வைத்திருந்தது. கோப்பை மட்டும் எடுத்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால், திருமண அழைப்பிதழ் புரியாத குறிகளின் குவியலாகத்தான் திறக்கும். என் கணினியில் கிடைத்தவற்றில் பாதி அத்தகைய அழைப்பிதழ்கள். மீதி கந்தூரி நோட்டீஸ்கள். எழுத்துருக் கோப்பு உடனிருந்ததால் எல்லாமே படிக்கக் கிடைத்தன.

அதன்பின் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக ஐடிஇ (ஹார்டு டிஸ்க் இணைப்பு) மாற்றியில் காம்பாக்ட் ஃப்ளாஷ் நினைவக அட்டை ஒன்றைப் பொருத்தலாம். சத்தமும் இல்லை, தேயும் மோட்டாரும் இல்லை. பெரிய கார்டாகப் பார்த்து வாங்குவதில் பயனில்லை: பழைய பயாஸ் வட்டின் இடத்தை 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற வரம்புக்குள்தான் எண்ணும்; செக்டாருக்கு 512 பைட் வீதம் கணக்கிட்டால் 504 மெகாபைட்டோடு அது நின்றுவிடும். டாஸ் என்ற பழைய இயங்குதளத்திற்கு அதுவே தாராளம். நினைவகத்தைக் கூட்டும்போது, 486 பலகையில் 30 பின் சிம் (நினைவகத் துண்டு) என்றால் நான்கு நான்காகவும், 72 பின் என்றால் ஒவ்வொன்றாகவும் சேர்க்கலாம். எதைச் சேர்த்தாலும் பழையதைத் திரும்ப மாட்டும்படி வைத்திருங்கள். கேபினெட்டைத் துளைப்பதும் அறுப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

மீட்டதை வைத்திருக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாலித்தீன் உறையைச் சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பருத்தித் துணியால் மூடி, தரையிலிருந்து உயர்த்தி வைத்து, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை விரட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நான் வாரம் இருமுறை ஓடவிடுகிறேன். கழற்றி வைத்த கார்டுகளைச் சிலிகா ஜெல் பொட்டலங்களுடன் இறுக மூடும் டப்பாவில் போட்டு, நீல மணிகள் வெளிர்சிவப்பானதும் இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் மீண்டும் நீலமாகும் வரை வறுத்துக்கொள்ளலாம். அந்தச் சட்டி பிறகு சமையலுக்கு ஆகாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.