ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் நீட்டும் முன் செய்ய வேண்டியவை

போன மாதம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க நின்றிருந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் திறந்தே கிடந்தது. ஆதார், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், யார் வீட்டுக் குழந்தையுடையதோ ஒரு பிறப்புச் சான்றிதழ் என்று வரிசையாக இருந்தன, எல்லாம் வாட்ஸப்பில் அனுப்பி பிரின்ட் வாங்கிக்கொண்டு, அழிக்கச் சொல்லாமல் போனவர்களுடையவை. அந்த வரிசையில் என்னுடையதும் இருந்தது.

அன்று ராத்திரியே உட்கார்ந்து செய்த வேலைகள்தான் இவை. மொபைல் நம்பர் ஆதாரோடு இணைந்திருந்தால் அரை மணி நேரம் போதும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் அதை இணைத்துவிட்டு வாருங்கள், ஓடிபி வராமல் எதுவும் நகராது.

முதல் வேலை மாஸ்க்டு ஆதார். ஆதார் ஆணையத்தின் மைஆதார் தளத்தில் நுழைந்து, டவுன்லோட் பக்கத்தில் மாஸ்க்டு வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் அடியுங்கள். 12 இலக்கத்தில் கடைசி 4 மட்டும் தெரியும், மற்றதெல்லாம் எக்ஸ் எக்ஸ் என்று வரும். பாஸ்வேர்டு, உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் (பெரிய எழுத்தில்), அதோடு பிறந்த ஆண்டு. இது ஊருக்கே தெரிந்த பூட்டு என்பதால், பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பி முழு நம்பர் உள்ள ஃபைலை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே நகல் கொடுக்காதீர்கள், மாஸ்க்டு கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது வேறு கதை.

லாட்ஜில், வாடகை வீட்டில் காகித நகல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், நகலின் மேலேயே, படத்தையும் எழுத்தையும் தொட்டுக்கொண்டு போகிற மாதிரி, இன்ன காரியத்துக்கு, இன்ன தேதிக்கு மட்டும் என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடலாம். டிரைவிங் லைசென்ஸ் கொடுத்தால் போதுமா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள், பல இடங்களில் சரி என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் பயோமெட்ரிக் லாக். போலி விரல் ரேகை செய்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியில் வங்கிக் கணக்கைத் துடைத்த கேஸ்கள் உண்டு. அதே தளத்தில் லாக் போட்டுவிட்டால் உங்கள் ரேகையை யாராலும் பயன்படுத்த முடியாது, உங்களாலும்தான். நான் அம்மாவுடையதற்கும் போட்டுவிட்டுச் சொல்ல மறந்துவிட்டேன். ரேஷன் கடையில் நாலு தடவை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு வந்து எனக்கு நன்றாக விழுந்தது. கடைக்குக் கிளம்பும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம், அல்லது கார்டில் உள்ள வேறொருவரை அனுப்பலாம்.

அங்கேயே ஆதென்டிகேஷன் ஹிஸ்டரியில் கடந்த 6 மாதத்தில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எப்போது சரிபார்த்தது என்று வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்கள், தெரியாத நம்பர் இருந்தால் இது என்னுடையதல்ல என்று அங்கேயே புகார் கொடுக்கலாம். பணமே போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

சட்டம் காப்பாற்றாதா என்றால், 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கக் கேட்கவும் அதில் உரிமை உண்டு, அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, கட்டம் கட்டமாகத்தான் அமலாகும். ஆனால் பெயரிலேயே இருக்கிறதே, டிஜிட்டல் என்று. லாட்ஜ் மேசை டிராயரில் கிடக்கும் உங்கள் காகித நகலை யாராவது ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றும்வரை அது இந்தச் சட்டத்துக்குள் வராது.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் கைக்கு வந்ததும், அண்ணே, அந்த ஃபைலை அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும் சேர்த்து என்று சொல்லிவிட்டு, அவர் அழிக்கும்வரை அங்கேயே நில்லுங்கள். பின்னால் நிற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.