களைக்கலப்பையின் பக்கக் கைகளைப் பயிர் வரிசைக்குப் பொருத்துவது எப்படி

பருத்தி முளைத்துப் பதினைந்து நாள் தாண்டிவிட்டால் கோவில்பட்டிக் கரிசலில் என் பட்டறைக்கு ஒரே புகார்தான் வரும். "அண்ணாச்சி, கொழு செடியக் கொத்திட்டுப் போவுது. கையக் கொஞ்சம் மடக்கிக் குடுங்க." கலப்பையை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் நான் கேட்பேன்: "நுகத்தடி எங்கே?" பெரும்பாலும் அதைக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். செடி வெட்டுப்படுவதில் பாதிக் காரணம் நுகத்தடியில்தான் இருக்கிறது.

வேளாண் துறையில் ஜூனியர் ஹோ என்று சொல்லும் மாட்டுக் களைக்கலப்பையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நடுவே ஒரு இரும்புச் சட்டம். அதன் முன்பக்கத்தில் கீல் போட்டு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கை. கைகளின் பின்முனையில் வளைந்த துளைப்பட்டை. எந்தத் துளையில் போல்ட் போடுகிறோமோ அதற்கேற்பக் கை விரியும், மடங்கும். மண்ணைக் கொத்தும் இரும்பு முனைதான் கொழு. நடுச்சட்டத்தின் முன்னால் ஒன்று, கைக்கு இரண்டாக நான்கு, ஆக ஐந்து கொழு. கைகள் மட்டும் தனியாகக் கிடைத்தாலும் பழைய சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த எஸ். எல். ஆலன் கம்பெனி பிளானட் ஜூனியர் என்ற பெயரில் ஒற்றைக் குதிரை இழுக்கும் களைக்கலப்பைகளைச் செய்து விற்றது. அதில் கைகளை விரிக்க ஒரு லீவர் உண்டு. பின்னால் நடப்பவர் வரிசை குறுகும் இடத்தில் மடக்கி, அகலும் இடத்தில் விரித்துக்கொள்ளலாம். குதிரை ஒன்றுதான் என்பதால் கொழு போகிற அதே இடைவெளியில் முன்னால் நடந்துவிடும். நமக்கு ஜோடி மாடு. கொழு ஒரு இடைவெளியில் போகும், மாடுகள் பக்கத்து இடைவெளிகளில் நடக்க வேண்டும். அதனால் கையைத் தொடும் முன்னால் நுகத்தடியை அளந்தாக வேண்டும்.

கணக்கு இதுதான். இரண்டு மாட்டுக் கழுத்தின் நடுவுக்கும் நடுவுக்கும் உள்ள தூரம், வரிசை இடைவெளியைப் போல 2 மடங்கோ 4 மடங்கோ இருக்க வேண்டும். மானாவாரிப் பருத்திக்கும் சோளத்துக்கும் 45 செ.மீ. வரிசை, ஆகவே 90 செ.மீ. அதில் மாடுகள் உரசிக்கொண்டால் 180. இறவை மக்காச்சோளம் 60 செ.மீ., அதற்கு 120. நிலக்கடலையும் உளுந்தும் 30 செ.மீ., 4 மடங்கு வைத்தால் அதுவும் 120. ஒரே தடியில் இரண்டு வேலையும் முடியும் என்பதால் 120-க்கு ஒரு தடியைத் தனியாகவே செய்து வையுங்கள். மடங்கு 3 ஆகிவிட்டால் இரண்டு மாடும் சரியாகச் செடி மேலேயே நடக்கும். அவை மிதிப்பதைப் பார்த்து ஓட்டுகிறவர் கலப்பையைப் பக்கவாட்டில் தள்ளுவார், கொழு செடியில் ஏறும். அப்புறம் கையை எவ்வளவு மடக்கினாலும் பிரயோசனம் இல்லை.

நுகத்தடி சரி என்றால் கைக்கு வரலாம். காட்டில் பல இடங்களில் வரிசை இடைவெளியை அளந்து, அதில் குறுகியதை எடுத்துக்கொள்ளுங்கள். விதைக்கும்போது ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவே விழும் இடைவெளிதான் வழக்கமாகக் குறுகிப்போயிருக்கும். முதல் களைக்குச் செடியிலிருந்து பக்கத்துக்கு 7 அல்லது 8 செ.மீ. விடுவது என் வழக்கம். 45 செ.மீ. வரிசையில் கலப்பையின் அகலம் 30 ஆகிறது. இந்த 30-ஐப் பின் கொழுக்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளக்க வேண்டும். துளைப்பட்டையில் போல்ட்டிலிருந்து போல்ட்டுக்கு அளப்பவர்கள் உண்டு. கொழுவின் பாதி அகலம் இரண்டு பக்கமும் வெளியே நிற்பது அந்த அளவில் வராது, அது நேராகச் செடியின் வேரில் வரும். அகலம் சரிப்பட்டதும் அந்தத் துளைக்குப் பக்கத்தில் உளியால் பொட்டு வைத்துவிடுங்கள், பருத்திக்கு ஒன்று, மக்காச்சோளத்துக்கு இரண்டு என்று. பெயிண்ட் ஒரு பருவத்துக்குக்கூட நிற்காது.

இனிச் சொல்வதைத்தான் அநேகமாக யாரும் செய்வதில்லை. கையை விரிக்கும்போது கை மட்டும் திரும்புவதில்லை, அதில் பிடித்திருக்கும் கொழுவும் சேர்ந்து திரும்பிவிடும். இடது கையின் கொழு வலப்பக்கம் பார்க்கும், வலது கையின் கொழு இடப்பக்கம் பார்க்கும். அப்படியே பூட்டி ஓட்டினால் கொழு முகத்தால் வெட்டாமல் விளிம்பால் மண்ணைத் தள்ளும், கட்டியை நடுவே உருட்டும், மாட்டுக்கும் இழுவை கூடும். அதனால் துளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கொழு மாட்டியிருக்கும் தண்டான கொழுக்காலைப் பிடித்திருக்கும் கவ்வியைத் தளர்த்தி, கொழுவின் முகத்தை நேர் முன்னால் பார்க்கத் திருப்பி, மறுபடி முடுக்க வேண்டும். நடுச்சட்டத்துக்கு இணையாக ஒரு நூலைக் கட்டிப் பார்த்தால் கோணல் உடனே தெரிந்துவிடும். நான் எல்லாக் கவ்வியிலும் ஸ்பிரிங் வாஷர் போட்டுத்தான் கொடுக்கிறேன். கரிசல் கட்டியில் அடிபட்டு வெறும் நட்டு தளர்ந்துவிடும்.

அந்த நேரத்திலேயே கொழுவையும் பாருங்கள். இரண்டு முனையும் உள்ள கொழு என்றால் தேய்ந்த முனையை மேலாகத் திருப்பிப் போடலாம். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தேய்ந்தது என்று மட்டும் வைக்காதீர்கள், கலப்பை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

கீலைச் சோதிப்பது சுலபம். நடுச்சட்டத்தை முழங்காலால் அழுத்திக்கொண்டு கையின் பின்முனையைப் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடவென்று ஆடினால் முன்னால் போல்ட் துளை முட்டை வடிவில் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முன்னால் துளி ஆட்டம், பின்னால் விரற்கடை ஆட்டம். புது போல்ட் மட்டும் போட்டால் தீராது. துளையை வட்டமாகப் பெரிதாக்கி அதற்கேற்ற தடித்த போல்ட் போட வேண்டும், அல்லது வெல்டிங்கில் அடைத்து மறுபடி துளை போட வேண்டும். காசு போகிறதே என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் காசைவிட வெட்டுப்படும் செடி அதிகம்.

ஆழம் 5 செ.மீ. போதும். கலப்பையிலிருந்து மாடு வரை நீளும் தடிதான் ஏர்க்கால். நுகத்தடியை அதில் கலப்பைப் பக்கமாகத் தள்ளிக் கட்டினால் ஆழம் குறையும், நுனிப் பக்கமாகத் தள்ளினால் கூடும். கைப்பிடியான மேழியை அமுக்கி ஆழம் வாங்கப் பார்க்காதீர்கள். ஜோடியில் ஒரு மாடு உயரமாக இருந்தால் சட்டம் சாய்ந்து ஒரு கையின் கொழு மட்டும் ஆழமாக இறங்கும். அந்தப் பக்கக் கொழுக்காலைக் கவ்வியில் கொஞ்சம் ஏற்றிப் பிடிக்கலாம். மேலாக உழுதாலே கரிசலுக்கு நன்மை. வெடிப்பு வாய் மூடும், மேல்மண் பொடியாகி அடி ஈரம் ஆவியாவது குறையும். மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அன்று வேண்டாம், கொழு முழுக்க அப்பிக்கொண்டு பாறை மாதிரி இழுக்கும்.

மாட்டுக்கு வாய்க்கூடை கட்ட மறக்காதீர்கள். முதலில் வரப்போர வரிசையில் கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டி நிறுத்தி, திரும்பி வந்து குனிந்து பாருங்கள். இரண்டு பக்கமும் செடிக்கு விட்ட மண் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக நின்றால் அந்தக் கையை மட்டும் ஒரு துளை நகர்த்துங்கள், அப்படியே அந்தப் பக்கக் கொழுவின் முகத்தையும் திருத்துங்கள். முனையில் திரும்பும்போது கலப்பையைத் தூக்கித் திருப்ப வேண்டும்; இழுத்துத் திருப்பினால் கை வளையும்.

முப்பது முப்பத்தைந்து நாளில் இரண்டாம் களைக்குப் போகும்போது பழைய துளை ஆகாது. பக்க வேர் ஓடியிருக்கும், செடிக்கு 10 செ.மீ. விட்டு, கலப்பை அகலத்தை 25-க்கு மடக்குங்கள். மண் அணைக்க வேண்டுமானால் பின் கொழுக்களைக் கழற்றிவிட்டு இடது வலது தகடுகளை மாட்டலாம். இடம் மாறி மாட்டினால் மண் நடுவே குவியும்.

30 செ.மீ. வரிசைக்கு ஐந்து கொழுவும் கொள்ளாது. இரண்டைக் கழற்றிவிட்டு முன்னால் ஒன்று, கைக்கு ஒன்றாக மூன்று வைத்து, கைகளை முழுக்க மடக்குங்கள். இறவை நிலக்கடலைக்கு 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பதோடு கலப்பை வேலை முடிந்தது. அதற்குமேல், நுனியில் காய் பிடிக்கும் விழுது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். களை தெரிந்தாலும் கையால் பிடுங்குங்கள், மாட்டை உள்ளே இறக்க வேண்டாம்.